ஒரு தேங்காய்க்கு 180 ஜூல்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு தென்னை மரங்கள் நிற்கின்றன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இவ்வளவு கொல்லை மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். முன்பு ஐந்து மரங்கள் இருந்தன. மூன்று மரங்கள் ஒரே காலையில் போய்விட்டன. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரம் ஏறும் அண்ணன் வந்து காய் வெட்டிக் கொடுப்பார். போன முறை அவர் வந்தபோது என் அக்கா மகளும் இங்கே இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மேலேயிருந்து "தள்ளிப் போங்க!" என்று குரல் வந்தது. பின்னாலேயே ஒரு காய் தொம்மென்று விழுந்து ஈர மண்ணில் குழி போட்டது. அவள் கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, காய் மேல இருக்கும்போது அதுக்கு நிலை ஆற்றல் இருக்குன்னு புக்ல போட்டிருக்கு. காய்க்குள்ள அது எங்க இருக்கு? வெட்டிப் பாத்தா தண்ணிதானே இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இந்தப் பாடத்தை நடத்தும் பலரும் தாண்டிப் போகும் இடமே அதுதான். "இயங்கும் பொருளுக்கு இயக்க ஆற்றல், உயரத்தில் இருக்கும் பொருளுக்கு நிலை ஆற்றல்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு, சூத்திரத்தைப் போட்டு, கணக்குக்குப் போய்விடுவோம். எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவள் கேட்டுவிட்டாள்.

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்வோம். பேச்சில் சக்தி, விசை, ஆற்றல், திறன் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறோம். இயற்பியலில் அது நடக்காது. தள்ளுவதும் இழுப்பதும் விசை. ஒரு விசை ஒரு பொருளைத் தன் திசையில் கொஞ்ச தூரம் நகர்த்தினால் அது வேலை. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். அப்படி வேலை செய்ய ஒன்றிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறதோ அது ஆற்றல். அந்த ஆற்றல் நொடிக்கு எவ்வளவு செலவாகிறது என்பது திறன். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் ஹெச்.பி. திறன்; கரண்ட் பில்லில் வரும் யூனிட் ஆற்றல். சுவரைப் பகல் முழுக்கத் தள்ளினாலும் சுவர் நகரவில்லை என்றால், இயற்பியல் கணக்கில் அதன்மேல் நீங்கள் செய்த வேலை பூஜ்ஜியம். வியர்வைக்கு அங்கே மதிப்பில்லை.

ஆற்றலை ஜூலில் அளக்கிறோம். 100 கிராம் எடையுள்ள ஒரு கொய்யாப்பழத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல் செலவு. ரொம்பச் சின்ன அளவு இது. அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் நம் கொல்லையிலிருந்தே ஓர் அளவை எடுத்துக்கொள்கிறேன்.

மட்டையோடு அந்தக் காய் ஒன்றரைக் கிலோ இருக்கும். மரம் 12 மீட்டர். நிலை ஆற்றல் என்பது நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கி வருவது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8, மனக்கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையைப் பத்தால் பெருக்கி, பன்னிரண்டால் பெருக்கினால் 180 ஜூல். இனி 180 ஜூல் என்றால் ஒரு தேங்காய். யூனிட், கலோரி என்று எது வந்தாலும் தேங்காயில் சொல்லிப் பார்ப்போம்.

சரி, இந்த 180 ஜூல் எங்கே இருக்கிறது?

மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிணறு. தரையிலிருந்து தண்ணீர் வரைக்கும் 8 மீட்டர் என்று வையுங்கள். அதே காய் தரையில் விழாமல் கிணற்றுக்குள் விழுந்தால் மொத்தம் 20 மீட்டர் இறங்கும். அப்போது கணக்கு 300 ஜூல். அதே காய், அதே காம்பு, அதே உயரம். ஆனால் ஒரு கணக்கில் 180, இன்னொன்றில் 300. இரண்டும் சரிதான். தரையிலிருந்து அளந்தால் அது, தண்ணீரிலிருந்து அளந்தால் இது. அந்த ஆற்றல் காய்க்குள் தண்ணீர் மாதிரி நிரம்பியிருக்கிறது என்றால், கீழே யாரோ கிணறு வெட்டியதற்காகக் கூடுமா? கூடாது. ஆக அது காய்க்குள் இல்லை.

அவளுக்கு இப்படித்தான் சொன்னேன். மளிகைக் கடையில் உங்கள் அம்மா 500 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கடன் எங்கே இருக்கிறது? அம்மா பர்ஸிலா, கடைக்காரர் கல்லாவிலா? எங்கேயும் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. தீபாவளிக்கு முன்னால் கேட்டுவிடுவார். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கணக்கு அது. காய்க்கும் பூமிக்கும் நடுவில் இருக்கிற கணக்குதான் நிலை ஆற்றல். பூமி இல்லாத இடத்தில் தனியாக மிதக்கும் தேங்காய்க்கு அந்த 180 ஜூல் கிடையாது.

காம்பு அறுந்ததும் கணக்கு மாறத் தொடங்குகிறது. ஆறு மீட்டர் இறங்கியதும் நிலை ஆற்றல் 90. மீதி 90 இயக்க ஆற்றலாகிவிட்டது. தரையைத் தொடும் நொடியில் நிலை ஆற்றல் பூஜ்ஜியம், இயக்க ஆற்றல் 180. காற்று பிடித்து நிறுத்தும் கொஞ்சத்தை விட்டுவிட்டால் எந்த உயரத்தில் கூட்டிப் பார்த்தாலும் 180தான். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கியது. அதை வைத்துத் திருப்பிப் போட்டால் காயின் கடைசி வேகம் நொடிக்கு 15.5 மீட்டர், அதாவது மணிக்கு 56 கிலோமீட்டர். மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்காதே என்று பாட்டி திட்டியதில் இயற்பியல் இருந்திருக்கிறது.

இந்த வேகத்தில் காயின் எடைக்குப் பங்கு கிடையாது. குரும்பை விழுந்தாலும் கிட்டத்தட்ட அதே வேகம்தான், ஆற்றல்தான் குறைவு.

வேகத்தின் இருமடி

"ஏன் இருமடி? வேகம் ரெண்டு மடங்கானா ஆற்றலும் ரெண்டு மடங்குன்னு இருந்தா என்ன?" இது அவளுடைய அடுத்த கேள்வி. இதே கேள்விக்கு ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஓடும் பொருளின் வலிமையை நிறை பெருக்கல் வேகம் என்று அளக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நிறை பெருக்கல் வேகத்தின் இருமடி என்று ஜெர்மனியின் லைப்னிட்ஸ் கட்சி. நெதர்லாந்தின் கிராவெசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானபோது களிமண்ணில் விழுந்த பள்ளம் நான்கு மடங்கானது. அந்தச் சோதனையின் அருமையைப் புரிந்துகொண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் எமிலி டு ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அவருடைய இயற்பியல் நூல் 1740இல் வெளிவந்தது. நம் ஊர்க் கணக்கில், புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். இரண்டு ஆண்டு கழித்து டூப்ளே அங்கே பிரெஞ்சு கவர்னராக வந்தார்; அப்புறம் ஆங்கிலேயரிடம் இருந்த எங்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்கப் படை அனுப்பி, முடியாமல் திரும்பினார். அவர் நாட்டில் ஒரு பெண் களிமண் பள்ளத்தைப் பற்றி எழுதியது அவர் காதில் விழுந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன். அந்தப் 'பாதி' என்ற எண்ணைச் சூத்திரத்தில் ஒழுங்காக உட்கார வைத்தவரும் பிரெஞ்சுக்காரர்தான்: கொரியோலிஸ், 1829இல்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். நாங்கள் செய்தோம். வில்லியனூர்ப் பக்கம் பானை செய்யும் தெரிந்தவரிடமிருந்து பிசைந்த களிமண் கொஞ்சம் வாங்கி வந்து, ஒரு தட்டில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய இரும்புக் குண்டு ஒன்று. 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒருமுறை, ஒரு மீட்டரிலிருந்து ஒருமுறை. உயரம் நான்கு மடங்கு என்றால் விழும் வேகம் இரண்டு மடங்குதான். இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு குழிகளையும் தண்ணீர் சொட்டுவிட்டு நிரப்பினாள். இரண்டாவது குழி முதல் குழியைவிட இரண்டு மடங்கு தண்ணீரோடு நிற்கவில்லை. அதைவிட ரொம்ப அதிகம் பிடித்தது. துல்லியமாக நான்கு என்று சொல்ல மாட்டேன். களிமண் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் இளகியும் இருந்தது, சொட்டுகளும் ஒரே அளவில்லை. ஆனால் இரண்டு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது போதும்.

களிமண்ணில் விளையாட்டாக இருப்பது சாலையில் வேறு மாதிரி ஆகிவிடும். கடலூரிலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். வண்டியும் ஆளுமாக 200 கிலோ. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் இயக்க ஆற்றல் 10,000 ஜூல், அதாவது 55 தேங்காய். அதே வண்டி 72இல் போனால் 40,000 ஜூல், 222 தேங்காய். பிரேக் பிடிக்கும்போது அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் கட்டையும் டயரும் சாலையும் தேய்த்துச் சூடாக்கித் தீர்க்க வேண்டும். 36இல் பத்து மீட்டரில் நிற்கிற வண்டி, 72இல் அதே பிரேக்குக்கு 40 மீட்டர் எடுக்கும். "ரெண்டு மடங்கு வேகம்தானே, ரெண்டு மடங்கு தூரத்துல நிக்கும்" என்று மனசு போடும் கணக்கு தப்பாகிப் போவது இங்கேதான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது 5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வரும் வேகம். 72 என்றால் 20 மீட்டர், ஆறு மாடிக் கட்டடத்தின் மேலிருந்து. படிக்கட்டில் ஏறும்போது ஆறாவது மாடியில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது, பயமாக இருக்கிறது. சாலையில் அதே உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டே கட்சி

புத்தகத்தில் ஆற்றலுக்குப் பட்டியல் நீளமாக இருக்கும்: வெப்பம், ஒளி, ஒலி, மின்சாரம், வேதியியல், அணுக்கரு என்று. மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இவையெல்லாம் தனித்தனிச் சாமான்கள் மாதிரித் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே பழைய இரண்டு கட்சிகளில் ஏதாவது ஒன்றில் சேரும், அல்லது இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும் பொருள்கள் ஏதோ ஓர் அமைப்பில் நிற்கின்றன. ஒளி மட்டும் கொஞ்சம் தனி ஆள். மின்புலமும் காந்தப்புலமும் அலையாகப் போவது அது. அதை இப்போது விட்டுவிடுவோம்.

வெப்பத்தை எடுங்கள். வெந்நீரில் என்ன அதிகம்? தண்ணீரின் மூலக்கூறுகள் இன்னும் வேகமாக ஆடுகின்றன, முட்டிக்கொள்கின்றன. அதாவது கண்ணுக்குத் தெரியாத இயக்கம். நீங்கள் இதைப் படிக்கும் அறையில் காற்று அசையவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காற்றின் மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மூலைக்கொன்றாக ஓடுவதால் ஒன்றின் தள்ளலை மற்றது அடித்துவிடுகிறது. ஒரு காகிதம்கூடப் பறக்காது.

வெப்பத்தில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை நான் ரொம்ப நாள் உணரவில்லை. ஒருநாள் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் யூனிட்டைத் தின்கிறது என்று வீட்டில் சத்தம் போட்டேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஒரு லட்சம் ஜூல் போதும், 555 தேங்காய். மோட்டார் பாதியை வீணடித்தாலும் இரண்டு லட்சம். நான் மார்கழியில் தினமும் குளிக்கும் 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க எவ்வளவு? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4,200 ஜூல் வேண்டும். பெருக்கினால் 12 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். ஏழாயிரம் தேங்காய்! ஒரு வாளி வெந்நீருக்கு ஆகும் ஆற்றலில், மோட்டார் பாதியை வீணடித்தாலும், ஆறு தொட்டித் தண்ணீரை மாடிக்கு ஏற்றியிருக்கலாம். மோட்டாரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் ஹீட்டரைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. கரண்ட் பில்லின் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், 20,000 தேங்காய். அதை ஒற்றை இலக்க ரூபாயில் வாங்குகிறோம் என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வேதியியல் ஆற்றல் என்பது நிலை ஆற்றல் கட்சி. அணுக்கள் ஒன்றோடொன்று எந்த அமைப்பில் பிணைந்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. இழுத்துப் பிடித்த உண்டிவில்லின் ரப்பர் மாதிரி என்று தோராயமாகச் சொல்லலாம். இதற்கு பண்ருட்டியைத் தாண்டி எங்கேயும் போக வேண்டாம். ஒரு முழு முந்திரிப் பருப்பு ஒன்றரை கிராம் இருக்கும். 100 கிராம் முந்திரியில் சுமார் 550 கிலோகலோரி; ஒரு கிலோகலோரி என்பது ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும் அதே 4,200 ஜூல். அப்படியானால் ஒரு பருப்பில் எட்டுச் சொச்சம், ஜூலில் ஏறக்குறைய 35,000. தேங்காயில் 190க்கு மேல். விரல் நுனியில் நிற்கும் ஒரு பருப்புக்கு எதிரில் 190 தேங்காய் மரத்திலிருந்து விழுகிற ஆற்றல். நம்ப முடியவில்லை என்றால் ஒரு பருப்பை ஊசியில் குத்தி, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தீக்குச்சியைக் காட்டுங்கள். பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும். பிடித்தபின் அகல் விளக்கு மாதிரி நின்று எரியும். எண்ணெய் கசிந்து நுனியில் சீறும். மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கை வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சூடாகிவிடும்.

யார் ஏற்றியது?

இப்போது தேங்காய்க்குத் திரும்புவோம். ஒன்றரைக் கிலோவை 12 மீட்டர் உயரத்துக்கு யார் ஏற்றியது? மரம் ஏறும் அண்ணன் இல்லை. அவர் வெட்டிவிட்டார், அவ்வளவுதான். வேரில் இருந்த தண்ணீர் மரத்துக்குள்ளேயே மேலே ஏறியது. ஓலைகளிலிருந்து வெயில் தண்ணீரை ஆவியாக்க ஆக்க, கீழிருந்து தண்ணீர் இழுபட்டுக்கொண்டே வருகிறது. மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை. காயின் சதையும் ஓடும் காற்றிலிருந்த கரியமில வாயுவையும் அந்தத் தண்ணீரையும் வைத்து ஒளியின் உதவியால் கட்டியவை. ஆக 180 ஜூலும் வெயில் போட்ட முதல்தான்.

இப்படி எதைத் தோண்டினாலும் பெரும்பாலும் வெயிலில் போய் முடியும். கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் மழைக்காலத்தில் ஓடும் வெள்ளம், சூரியன் கடலிலிருந்து தூக்கிக் கொண்டுபோய் மேட்டில் ஊற்றிய தண்ணீர். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வீசும் காற்று, வெயிலில் நிலம் சீக்கிரம் சுட்டு, கடல் மெதுவாகச் சுடுவதால் வருவது. ஆரோவில்லில் ஒரு சமையல்கூடத்தின் கூரைமேல் 15 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடிகள் பதித்த கிண்ணம் இருக்கிறது. வெயிலைக் குவித்து நீராவியாக்கி, பொழுது தெளிவாக இருந்தால் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவுக்கு அமைத்தது. நேரடி வியாபாரம்.

நெய்வேலி பழைய வெயில். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடுகள் புதைந்து பழுப்பு நிலக்கரியாகிக் கிடக்கின்றன. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்புத் துகள்கள் மேலே வந்ததுதான் தொடக்கம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. நெய்வேலிக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ஒரு கிலோவை எரித்தால் 2,500 கிலோகலோரி அளவில்தான் வெப்பம் கிடைக்கும். அதாவது சுமார் ஒரு கோடி ஜூல். எரிக்கும்போது அணுக்களின் அமைப்பில் இருந்த ஆற்றல் மூலக்கூறுகளின் ஓட்டமாகிறது, வெப்பம். அது தண்ணீரை நீராவியாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுற்றுகிறது, இப்போது கண்ணுக்குத் தெரியும் இயக்கம். டர்பைன் ஜெனரேட்டரைச் சுற்ற, மின்சாரம். கடைசியில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல். மீதி? நெய்வேலிக்குப் போகும் சாலையிலிருந்தே தெரியுமே, அந்தப் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களின் தலையில் வெள்ளையாக எழும் ஆவி. பெரும்பகுதி அதோடு போகிறது.

அதே சுரங்கத்தில் இன்னொரு நிலை ஆற்றலும் உண்டு. கரிப் படுகைக்கு அடியில் மணலுக்குள் தண்ணீர் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. மேற்கே மேடான நிலத்தில் இறங்கிய மழை அது. தான் இறங்கிய உயரத்துக்குத் திரும்ப ஏறத் துடிக்கும். மேலே இருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

வெயிலில் போய் முடியாத கணக்கும் ஒன்று உண்டு. இந்தக் கரையில் இருக்கிற யாரும் அதை மறக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே கடலுக்கு அடியில் பாறைத் தட்டுகள் நூற்றாண்டுகளாக ஒன்றை ஒன்று அழுத்தி, வளைத்த மூங்கில் மாதிரி ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்தன. தட்டுகளை நகர்த்துவது பூமியின் உள்சூடு. காலையில் அது விடுபட்டது. கடல் தரை எழும்பியபோது அதன் மேலிருந்த தண்ணீர் முழுதும் சேர்ந்து மேலே தூக்கப்பட்டது. அது நிலை ஆற்றல். தூக்கிய தண்ணீர் கீழே இறங்கி அலையாகப் புறப்பட்டது. ஆழ்கடலில் இப்படிப்பட்ட அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: நான்கு கிலோமீட்டர் ஆழம் இருந்தால் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் உயரம் குறைவு; நடுக்கடலில் படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து வேகம் குறைகிறது. பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போகும் தண்ணீரின் முதுகில் ஏறுகிறது. வேகமாக இருந்த ஆற்றல் உயரமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து அது தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. மேலே சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. சாயங்காலக் கடற்காற்று மணிக்கு 20 என்று வைத்தால், ஏழு மடங்கு. காற்றுக்கும் நிறை உண்டு: ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ. வேகம் ஏழு மடங்கானால் ஒவ்வொரு கன மீட்டரின் இயக்க ஆற்றலும் 49 மடங்கு. அதோடு நொடிக்கு வந்து மோதும் காற்றின் அளவும் ஏழு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 343. கடற்காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்கு நூறு ஜூல்தான் கொண்டுவருகிறது, ஒரு தேங்காய்கூட இல்லை. தானே புயல் கொண்டுவந்தது சுமார் 35,000 ஜூல். நொடிக்கு 200 தேங்காய், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், மணிக்கணக்காக.

அன்று ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னை வில்லாக வளைந்தது, திரும்பி நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. வளையும்போது காற்றின் ஆற்றலை மரம் தனக்குள் நிலை ஆற்றலாக வாங்கிக்கொள்கிறது. நிமிரும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தென்னை பிழைப்பதே இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். மூன்று மரங்கள் ஒரு கட்டத்தில் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் முறிந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்ததை நினைத்தால் எங்கள் மூன்று மரங்கள் ஒன்றுமே இல்லை. முந்திரி மரத்துக்கு வளையத் தெரியாது.

அக்கா மகள் இவ்வளவையும் கேட்டுவிட்டு, வக்கீல் மாதிரி மடக்கினாள். "ஆற்றல் அழியாதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் ஃபேனை நிறுத்து, லைட்டை நிறுத்துன்னு கத்துறீங்க?"

அழியாது என்பது உண்மைதான். ஆனால் சிதறிப் போகும். ஃபேன் செலவழித்த யூனிட் இந்த அறையின் சுவரிலும் காற்றிலும் இளஞ்சூடாகப் பரவி இருக்கிறது. ஒரு ஜூல்கூடக் குறையவில்லை. ஆனால் அதைத் திரும்பக் கூட்டி அள்ளி இன்னொரு ஃபேனைச் சுற்ற வைக்க நம்மால் முடியாது. ஒரு படி அரிசியைக் கடற்கரை மணலில் வீசிவிட்டு, அரிசி எங்கேயும் போகவில்லை என்று சொல்வது போல.

"அப்ப இந்தக் காய் விழுந்து போட்ட 180 ஜூல்?"

கொஞ்சம் தொம் சத்தமாகப் போனது. கொஞ்சம் மண்ணைப் பிதுக்கிக் குழி போட்டது. கடைசியில் எல்லாமே சூடுதான். அவள் காயைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. 180 ஜூல் முழுவதும் காய்க்குள்ளேயே தங்கியிருந்தால்கூட அதன் சூடு டிகிரியில் நூறில் நான்கைந்து பங்குதான் ஏறியிருக்கும். கைக்கு எங்கே தெரியப் போகிறது.

அதற்குள் மேலே வேலை முடிந்து அண்ணன் இறங்க ஆரம்பித்தார். அவர் 60 கிலோ இருப்பார். 12 மீட்டர் ஏறியதில் அவர் கணக்கில் 7,200 ஜூல் நிலை ஆற்றல் சேர்ந்திருந்தது, 40 தேங்காய். தசைகள் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் என்பதால் உடம்பு செலவழித்தது அதைப்போல நான்கு மடங்கு. அதுவும் ஒரு முந்திரிப் பருப்புக்கு உள்ளேதான். அவரும் காய் இறங்கிய அதே 12 மீட்டர்தான் இறங்கினார். ஆனால் காய்க்கு வந்த வேகம் அவருக்கு வரவில்லை. காலில் தளைக் கயிறும் இரண்டு கைகளும் மரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டன. இயக்க ஆற்றல் என்ற இடைத்தரகருக்கே இடம் கொடுக்காமல் உயரத்தை நேராகச் சூடாக்கிக்கொண்டே வந்தார்.

கீழே வந்து தளையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "தொட்டுப் பாரு பாப்பா."

தொட்டாள். கதகதப்பாக இருந்தது.